தோற்றவன் கேட்ட பாட்டு

"ஊர் இருக்கிற இருப்பிலே உமக்குப் பாட்டு ஒரு கேடா, ஐயா?" என்று என் நண்பர் கேட்டார்.

அவர் கேட்டது 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி இரவு. தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சித் தேர்தல்களில் மூன்று நாள் முன்னே பதிவான ஓட்டுக்களை எண்ணி முடித்த நாள் அது. நான் என் அறையில் கதவைச் சாத்திக் கொண்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, பாட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கொண்டிருந்தேன். நண்பர் கதவைத் தள்ளிக் கொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போயும் விட்டார்.

கேள்வி மட்டும் போகவில்லை. துக்கத்தில் ஒருவன் பாட்டுக் கேட்கலாம். அதை யாரும் தவறென்று சொல்வதில்லை. ஆனால் பொதுக் காரியத்தில் ஏமாந்தவன் பாட்டுக் கேட்கலாமா? வீடு பற்றி எரியும்போது வீணை வாசிப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதிலை நான் புத்தகத்தில் கண்டு பிடிக்கவில்லை. ஒரு டீச்சரம்மாவும் ஒரு பால்காரம்மாவும் எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

எங்கள் வார்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் தெருக் குழந்தைகளுக்கு 'அ' எழுதக் கற்றுக் கொடுத்தவர். அவர் பெரிய கொள்கை எதுவும் பேசவில்லை. திறந்து கிடக்கும் சாக்கடையை மூட வேண்டும். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குத் தண்ணீர் வர வேண்டும். குழாயடியில் விளக்குப் போட வேண்டும். மூன்றே கோரிக்கை. நானும் அவரோடு வீடு வீடாகப் போனேன். என் கதைகளில் எத்தனையோ தேர்தல்களை எழுதியிருக்கிறேன். நிஜமான ஒரு தேர்தலுக்காகக் கால் தேய நடந்தது அதுதான் முதல் தடவை.

போன இடமெல்லாம் மோர் கொடுத்தார்கள். "உங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு டீச்சர்?" என்றார்கள். நான் கதாசிரியன் அல்லவா? அந்த வார்த்தையை அப்படியே நம்பி விட்டேன். ஓட்டுப் பதிவுக்கு முந்தின இரவு கவர் வந்தது. எந்த வீட்டுக்கு வந்தது, எந்த வீட்டுக்கு வரவில்லை என்பது மறுநாள் காலையில் தெரு முழுவதற்கும் தெரிந்திருந்தது. என் வீட்டுக்கு வரவில்லை. அதிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதை இப்போது ஒப்புக் கொள்கிறேன்.

டீச்சர் தோற்றது மட்டுமல்ல, டெபாசிட்டும் போயிற்று. அவர் பெற்ற ஓட்டுக்கள் நூறைத் தாண்டவில்லை. அவரிடம் படித்தவர்கள் மட்டும் ஓட்டுப் போட்டிருந்தால்கூட அதைப்போல நாலு மடங்கு வந்திருக்கும்.

எண்ணி முடித்து நான் வீட்டுக்கு நடந்து வந்தபோது, அடுத்த தெருவில் சரவெடி வெடித்துக் கொண்டிருந்தது. டீச்சர் வீட்டு வாசலில் விளக்குக்கூட ஏற்றவில்லை. புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் என்ற புலவர் பாடிய பாட்டு ஒன்று உண்டு; 194-ஆவது பாட்டு. ஒரு வீட்டில் சாவுப் பறை கொட்டுகிறது. மற்றொரு வீட்டில் மணமுழவு கொட்டுகிறது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே நேரத்தில். இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று மனம் நொந்து சொல்லி விட்டு, உலகத்தின் இயல்பு இதுதான் என்று தெரிந்தவர்கள் இதற்குள்ளேயே இனியதைத் தேடிக் கொள்ளட்டும் என்று புலவர் முடிக்கிறார். இனியதைத் தேடத்தான் நானும் பாட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆனால் எதை 'இனியது' என்று எடுத்தேன்? அங்கேதான் கோளாறு.

என் வாலிபம் 1980-களில் கழிந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊரிலும் பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு ரெக்கார்டிங் கடை இருக்கும். நமக்கு வேண்டிய பாட்டுக்களை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி, காலி கேஸட் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தால், கடைக்காரர் இரண்டு நாளில் பதிந்து தருவார். 60 நிமிஷக் கேஸட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம். சினிமாப் பாட்டானால் ஏழெட்டு அடங்கும். கணக்குத் தப்பினால் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்து போகும். ஆகவே எந்தப் பாட்டை வைப்பது, எதைத் தள்ளுவது, எதற்குப் பின் எது வர வேண்டும் என்று இரவெல்லாம் யோசிப்போம். பரீட்சையில் தோற்றபோது ஒரு கேஸட், வேலை கிடைக்காதபோது ஒரு கேஸட் என்று என்னிடம் ஓர் அட்டைப் பெட்டி நிறையச் சேர்ந்திருந்தது. இன்றைக்கு ஒரு விரல் நீளமுள்ள பென் டிரைவில் ஆயிரக்கணக்கான பாட்டு அடங்கி விடுகிறது. ஆனாலும் எனக்கு அந்தப் பழைய கணக்கு விடவில்லை. மனசு உடைந்தால் 60 நிமிஷத்துக்கு மேல் வேண்டியதில்லை என்று ஓர் அளவு வைத்திருக்கிறேன்.

அன்று இரவு நான் அடுக்கிய பாட்டுக்களைச் சொல்ல வேண்டும். பெயர்கள் வேண்டாம், ரகத்தைச் சொன்னால் போதும். நம் தமிழ் சினிமாவில் 'தத்துவப் பாட்டு' என்று ஒரு தனிச் செல்வமே இருக்கிறது. உலகம் பொய்; உறவு பொய்; காசுதான் ராஜா; நல்லவனுக்குக் காலமில்லை; இந்த விஷயங்களை மிக இனிமையான மெட்டில், மிக உருக்கமான குரலில் சொல்லும் பாட்டுக்கள். அவற்றில் பதினைந்தைப் பொறுக்கி எடுத்தேன். விளக்கை அணைத்து விட்டு, காதில் ஒலிப்பானை மாட்டிக் கொண்டு கேட்டேன்.

ஆகா, எத்தனை சுகம்! ஒவ்வொரு பாட்டும் என் தோளைத் தட்டிக் கொடுத்தது. "நீ நல்லவன்; உன்னைச் சுற்றியிருப்பவர்கள் அற்பர்கள்" என்று பதினைந்து பாட்டும் பதினைந்து விதமாகச் சொல்லின. கண்ணில் நீர் வந்தது. அந்தக் கண்ணீரும் தித்தித்தது. தோற்றவனுக்குக் கிடைக்கிற பாயசம் இது. டீச்சர் தோற்றதற்காக அழுகிறேன் என்று நினைத்துக் கொண்டு, என்னைப் பற்றியே நான் உருகிக் கொண்டிருந்தேன்.

இந்த ஆபத்தைக் கிரேக்க நாட்டு ஞானி பிளேட்டோ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு கொண்டார். 'குடியரசு' என்ற நூலில், தம்முடைய இலட்சிய நாட்டில் புலம்பல் இராகங்களுக்கு இடம் கிடையாது என்று அவர் விதிக்கிறார். அந்த இராகங்கள் மனிதனை இளக்கி விடும், காரியத்துக்கு உதவாதவனாக்கி விடும் என்பது அவர் பயம். அவருடைய சீடர் அரிஸ்டாட்டில் இதை ஒப்பவில்லை. உணர்ச்சி மிகுந்து தவிப்பவர்கள் அதே உணர்ச்சியுள்ள இசையைக் கேட்டால், மருந்து சாப்பிட்டு வயிறு சுத்தமானவர்களைப் போலத் தெளிந்து எழுகிறார்கள் என்று 'அரசியல்' என்ற நூலில் எழுதி வைத்தார். குருவும் சீடரும் போட்ட வழக்கு இன்னும் தீரவில்லை. என் நண்பர் பிளேட்டோவின் கட்சி. நான் அரிஸ்டாட்டிலின் கட்சி. அன்று இரவு படுக்கும்போது, 'மருந்து சாப்பிட்டாயிற்று; காலையில் தெளிந்து விடுவேன்' என்று எண்ணிக் கொண்டேதான் படுத்தேன்.

காலையில் பால்காரம்மா வந்தாள்.

பதினெட்டு வருஷமாக எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவள். அவள் வீட்டுக்குக் கவர் போனது எனக்குத் தெரியும். நான் பாத்திரத்தை நீட்டினேன், முகத்தைப் பார்க்கவில்லை. தினமும் கேட்கிற "பேத்தி எப்படி இருக்கிறாள்?" என்ற கேள்வியைக் கேட்கவில்லை. அவள் அளந்து ஊற்றினாள். ஊற்றி விட்டு, வழக்கம்போல ஒரு கை கொசுறும் ஊற்றினாள். "வரேன் ஐயா" என்றாள். நான் பதில் சொல்லாமல் உள்ளே வந்து விட்டேன்.

வாசகர்களே, முந்தின இரவு 60 நிமிஷம் நான் கேட்ட இசையின் பலன் இதுதான். அரிஸ்டாட்டிலின் மருந்து என் நெஞ்சிலிருந்த நஞ்சை வெளியேற்றவில்லை. அதற்குச் சர்க்கரை போட்டு உள்ளேயே தங்க வைத்து விட்டது. கொசுறு ஊற்றிய கையை நான் 'விற்றுப் போன கை' என்று நினைத்தேன். இப்படி நினைப்பதற்கு எனக்கு அந்தப் பதினைந்து பாட்டுக்களும் துணை நின்றன.

மூன்றாம் நாள், அதே தொகுப்பை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துக் கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். துக்கம் விசாரிக்கப் போகிறவன் பழம் வாங்கிக் கொண்டு போவதைப் போல. டீச்சர் திண்ணையில் உட்கார்ந்து ஏதோ மனு எழுதிக் கொண்டிருந்தார். "உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், டீச்சர்" என்று கொடுத்தேன். அவர் சிரித்துக் கொண்டே, உள்ளேயிருந்து பேரன் வாங்கிக் கொடுத்த சின்ன ஒலிப்பெட்டியைக் கொண்டு வந்து போட்டார். இரண்டு பாட்டுக் கேட்டார். மூன்றாவது ஆரம்பித்ததும் நிறுத்தினார்.

"நல்ல பாட்டுத்தான் சார். ஆனால் பிரசாரத்தின்போது அவர்கள் ஆட்டோவிலே கட்டிய குழாயில் இதே இரண்டு பாட்டையும் போட்டார்களே, கவனித்தீர்களா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஆமாம், போட்டார்கள். உழைப்பவன் வியர்வையையும் ஏழையின் மானத்தையும் பாடுகிற பழைய பாட்டுக்களைத் தெருத் தெருவாக ஒலிபரப்பி விட்டு, இரவில் அதே தெருக்களில் கவர் கொடுத்தார்கள். நான் என்னுடைய சொத்து என்று நினைத்து அணைத்துக் கொண்ட பாட்டு, எதிராளியின் வண்டியிலும் அதே இனிமையோடு பாடியிருக்கிறது. பாட்டுக்குக் கட்சி கிடையாது. நல்ல பாட்டைக் கேட்பதனால் மட்டும் நான் நல்லவனாகி விடுவதில்லை.

டீச்சர் மேலும் சொன்னார்: "இன்னொன்று கேட்கட்டுமா சார்? நம் பால்காரம்மா பக்கத்திலே உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பாட்டையெல்லாம் வரிசையாகப் போட்டு உங்களால் கேட்க முடியுமா?"

முடியாது. யாரைப் பழித்து அந்தத் தொகுப்பைச் செய்தேனோ அவளை எதிரில் வைத்துக் கொண்டு அதைக் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். காதில் ஒலிப்பானை மாட்டிக் கொண்டு தனியே கேட்டதற்குக் காரணம் இராத்திரி நேரம் என்பது மட்டுமல்ல.

"நீங்கள் அவளோடு பேசுவதில்லையாமே? என்னிடம் வந்து அழுதாள்" என்றார் டீச்சர்.

மறுநாள் காலை நான் பாத்திரத்தோடு வாசலில் காத்திருந்தேன். அவளே பேச்சை எடுத்தாள்.

"டீச்சரம்மாவுக்குத்தான் போடணும்னு இருந்தேன் ஐயா. ராத்திரி வந்து காசைக் கையிலே திணிச்சு, சாமி படத்து மேலே கையை வச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க. பேத்திக்குக் காய்ச்சல், மருந்து வாங்க வேண்டியிருந்திச்சு, வாங்கிட்டேன். வாங்கினப்புறம் மாத்திப் போட்டா சாமி குத்தம் ஆயிடாதா? சத்தியம் பண்ணினது பண்ணினதுதானே?"

நான் வாயடைத்து நின்றேன். அவளிடம் நாணயம் இல்லை என்றல்லவா நான் இரண்டு நாளாகப் பாட்டுக் கேட்டு அழுதேன்? அவளிடம் நாணயம் இருந்ததனால்தான் டீச்சருக்கு அந்த ஓட்டு விழாமல் போயிற்று. கொடுத்த வார்த்தையை மீறக் கூடாது என்ற அவளுடைய தர்மத்தையே சிலர் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். இது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. மிரட்டியோ மயக்கியோ வாங்கின சத்தியம் யாரையும் கட்டாது என்று அவளிடம் அன்றே சொன்னேன். இன்னும் சொல்லி வருகிறேன். ஆனால் வாங்கியவளைப் பழிப்பது சுலபமாகவும், வாங்க வைத்தவர்களோடு மல்லுக்கு நிற்பது கடினமாகவும் இருந்ததால், நான் சுலபமானதைத் தேர்ந்து கொண்டேன். பாட்டு அதற்கு எனக்குப் பின்னணி வாசித்தது.

அப்படியானால் தோல்வியில் பாட்டே கூடாதா? பிளேட்டோ ஜெயித்து விட்டாரா? இல்லை. என்னை விடப் பெரிய தோல்விகளைக் கண்டவர்கள் எப்படிப் பாடினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

பாரதியார் 1908-ஆம் ஆண்டில் புதுச்சேரிக்குப் போனார். அதே ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சிறைக்குப் போனார். 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி சில ஆண்டுகளுக்குள் கலைந்து போயிற்று. பாரதியார் நடத்திய 'இந்தியா' பத்திரிகை 1910-இல் நின்றது. பத்து வருஷம் அந்நிய மண்ணில் கழித்து விட்டு, 1918-இல் எல்லையைத் தாண்டி வந்தவுடன் கைதானார். 1921-இல் காலமானார். அரசியல் கணக்கில் பார்த்தால், முழுக்க முழுக்கத் தோல்வியிலேயே முடிந்த வாழ்க்கை. இந்த மனிதர்தான் 'சுதந்திரப் பள்ளு' பாடினார். சுதந்திரம் வந்து விட்டதாகவே வைத்துக் கொண்டு பாடினார். 1947 ஜனவரியில் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் அதைப் பாடினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி வானொலியிலும் அவர் அதையே பாடினார். பாடியவர் போய் 26 ஆண்டுகள் கழித்து, பாட்டு சொன்னது நடந்தது.

அவர் அந்தப் பாட்டுக்கு எந்த உருவத்தைத் தேர்ந்தார் என்று பாருங்கள். பள்ளு என்பது வயலில் உழைக்கும் மக்களைப் பாடும் இலக்கியம். தோற்றுப் போன கவிஞன், தன்னைப் புரிந்து கொள்ளாத ஊரைத் திட்டிக் கொண்டு ஒரு மூலையில் முடங்கவில்லை. சேற்றில் நிற்பவர்களின் ஆட்டத்துக்குள்ளே தானும் போய் நின்று கொண்டான். பாரதியார் ஜனங்களைத் திட்டாதவர் அல்ல. 'நடிப்புச் சுதேசிகள்' என்று தலைப்பிட்டுச் சாட்டை எடுத்து அடித்திருக்கிறார். ஆனால் அந்தச் சாட்டையையும் இந்தப் பள்ளையும் ஒரே கையால் எழுதினார். நான் செய்த தொகுப்பில் வெறும் சாட்டை மட்டும் இருந்தது. அதிலும் என் முதுகில் படாத சாட்டை.

வெகு தூரத்தில், பால்டிக் கடற்கரையில், எஸ்டோனியா என்ற சின்னஞ்சிறு நாடு இருக்கிறது. அங்கே 1869-ஆம் ஆண்டிலிருந்து பெரிய பாட்டு விழாக்கள் நடக்கின்றன; ஆயிரக்கணக்கானவர்கள் கூடி நின்று ஒரே குரலாகப் பாடுவார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்த நாடு சோவியத் ஆட்சிக்குள் போயிற்று. குஸ்தாவ் எர்னெஸாக்ஸ் என்ற இசைஞர் 1944-இல், லிடியா கொய்துலா என்ற பழைய பெண் கவிஞரின் தாய்நாட்டுப் பாட்டு ஒன்றுக்குப் புது மெட்டு அமைத்தார். 1947 விழாவில் அது பாடப்பட்டது. பிறகு நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. ஆனால் 1960 விழாவில், நிரலில் இல்லாத அந்தப் பாட்டைக் கூட்டம் தானாகவே பாட ஆரம்பித்தது. 1988-இல் தாலின் நகரத்துப் பாட்டு மைதானத்தில் இலட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். 1991 ஆகஸ்ட் 20-ஆம் தேதி நாடு மறுபடியும் விடுதலையை அறிவித்தது. பாரதியாருக்குக் கிடைக்காத பாக்கியம் எர்னெஸாக்ஸுக்குக் கிடைத்தது. அவர் அதைக் கண்ணால் கண்டு, 1993-இல் மறைந்தார்.

பாட்டு மட்டும் அந்த விடுதலையைக் கொண்டு வந்தது என்று நான் சொன்னால் சரித்திரம் படித்தவர்கள் சிரிப்பார்கள். பெரிய சாம்ராஜ்யம் ஒன்று அப்போது உள்ளுக்குள்ளே இற்றுப் போய்க் கொண்டிருந்தது. ஆனால் இற்றுப் போகும் நாள் வருகிறவரை அந்த ஜனங்களை ஒருவருக்கொருவர் அந்நியமாகி விடாமல் சேர்த்து வைத்தவற்றுள் பாட்டும் ஒன்று. அவர்கள் பாட்டைக் காதில் மட்டும் வைத்துக் கொள்ளவில்லை, தொண்டையிலும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் நிற்பவன் நேற்று என்ன செய்தான் என்று விசாரித்து விட்டா சேர்ந்து பாடுகிறோம்? சுருதி சேர்ந்தால் போதும் என்று பாடுகிறோம்.

இந்த யோசனைகளோடு, அந்த வாரக் கடைசியில் நான் புதிதாக ஒரு தொகுப்புச் செய்தேன். அதே 60 நிமிஷம்; பக்கத்துக்கு 30.

முதல் பக்கத்தில் துக்கத்தை வைத்தேன். துக்கத்தைத் தவிர்த்து விட்டு நேரே உற்சாகத்துக்குப் போவது பொய். ஆனால் தத்துவப் பாட்டுக்களை எடுத்து விட்டு, கிராமத்து ஒப்பாரி ஒன்றை வைத்தேன். ஒப்பாரியைக் கவனித்திருக்கிறீர்களா? பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, வட்டமாக உட்கார்ந்து, சேர்ந்து அழுவார்கள். செத்தவரோடு சண்டை போட்டிருந்தவளும் அந்த வட்டத்தில் இருப்பாள். அழுது முடித்ததும் எழுந்து, தலை முழுகி விட்டு, அவரவர் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுவார்கள். அழுகைக்கு நம் பாட்டிமார் ஓர் அளவும் ஒரு முடிவும் வைத்திருந்தார்கள். அதற்குப் பின் நாகஸ்வரத்தில் ஒரு முகாரி. அத்தோடு முதல் பக்கம் தீர்ந்தது.

இரண்டாம் பக்கத்தில் நாற்று நடும் பெண்கள் பாடுகிற நடவுப் பாட்டு. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. அப்புறம் 'நடிப்புச் சுதேசிகள்'. இதை வேண்டுமென்றேதான் வைத்தேன். என் முதுகுக்கும் ஓர் அடி வேண்டுமல்லவா? அதன்பின் பட்டம்மாள் பாடிய சுதந்திரப் பள்ளு. கடைசியில் மத்தியமாவதி. அதற்கு முன்னே பாடியதில் என்ன குறை இருந்தாலும் அதற்குப் பரிகாரமாக அந்த இராகத்தைப் பாடிக் கச்சேரியை முடிப்பது நம் வித்துவான்களின் மரபு. மூன்று நாளாக என் மனசில் ஓடிய கச்சேரியில் அபசுரம் நிறைய இருந்தது. பரிகாரம் தேவைப்பட்டது.

இந்தத் தொகுப்பைக் காதில் மாட்டிக் கொண்டு கேட்கவில்லை. வாசல் திண்ணையில் ஒலிப்பெட்டியை வைத்துப் போட்டேன். பால்காரம்மா வந்தபோது நடவுப் பாட்டு ஓடிக் கொண்டிருந்தது. பால் செம்பைக் கீழே வைத்து விட்டுச் சற்று நின்று கேட்டாள்.

"இது எங்க பக்கத்துப் பாட்டு இல்லை ஐயா. எங்க ஆத்தா வேற மாதிரி பாடும்" என்றாள். எப்படி என்று கேட்டேன். வெட்கப்பட்டாள், பிறகு இரண்டு வரி மெதுவாக இழுத்துக் காட்டினாள். பாலை அளந்தாள். கொசுறு ஊற்றினாள். "பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா?" என்று கேட்டேன். விட்டு விட்டது என்றாள்.

அடுத்த வாரம் டீச்சர் எழுதிய மனுவை எடுத்துக் கொண்டு நாங்கள் மறுபடியும் வீடு வீடாகப் போனோம். இந்தத் தடவை ஓட்டுக் கேட்கவில்லை, கையெழுத்துக் கேட்டோம். பால்காரம்மா கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தாள். கவர் வாங்கிய வீடுகளில் பலரும் போட்டார்கள். சிலர் பயந்து மறுத்தார்கள். வென்றவரிடமே அந்த மனுவைக் கொண்டு போய்க் கொடுத்தோம். அதிசயம் எதுவும் நடந்து விடவில்லை. இன்றைக்கும் அந்தச் சாக்கடை பாதிதான் மூடியிருக்கிறது. குழாயடியில் விளக்கு எரிகிறது. பள்ளிக்கூடத்துத் தண்ணீருக்கு இன்னும் அலைந்து கொண்டிருக்கிறோம்.

என் நண்பருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். தோல்வியில் பாட்டுக் கேட்பது கேடா இல்லையா என்பதைப் பாட்டு ஓடும்போது தீர்மானிக்க முடியாது. மறுநாள் காலையில், வாசலுக்கு வருகிறவர்களின் முகத்தை நம்மால் நிமிர்ந்து பார்க்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். முடிந்தால் அது மருந்து. முடியாவிட்டால், எவ்வளவு உயர்ந்த சங்கீதமானாலும் அது அபினிதான். ஜனங்களுக்காக அழுகிறேன் என்று சொல்லிக் கொண்டு ஜனங்களை வெறுக்கக் கற்றுக் கொள்வதை விடப் பெரிய அரசியல் தோல்வி வேறு இல்லை. அந்தத் தோல்வியை நமக்கு எந்த எதிராளியும் தர முடியாது. நாமேதான் தேடிக் கொள்ள வேண்டும்.

பழைய கேஸட்டில் ஒரு நல்ல குணம் இருந்தது. 30 நிமிஷம் ஆனதும் 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு நின்று விடும். மேலே கேட்க வேண்டுமானால் யாராவது எழுந்து போய்த்தான் திருப்பிப் போட வேண்டும். இன்றைய கருவிகளில் பாட்டு முடிவதே இல்லை. ஒன்று தீருமுன் அதே ரகத்தில் இன்னொன்று தானாகவே ஆரம்பித்து விடுகிறது. துக்கத்தில் இருப்பவனுக்கு அது நல்லதல்ல. ஆகவே, என் தொகுப்பின் முடிவில், மத்தியமாவதிக்குப் பிறகு, பெட்டி தானாக நின்று விடும்படி செய்து வைத்திருக்கிறேன். நின்றதும் நான் எழுந்து விடுகிறேன்.

அநேகமாக அந்த நேரத்துக்குத்தான் வாசலில் பால் செம்புச் சத்தம் கேட்கும்.